ஷேர்லி சிஸம் கேட்ட நியமனம்

(போயா தினத்தன்று நடைபெற்ற மாதர் பிரிவுக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியராகவும் எமது சங்க அமைப்பாளராகவும் பணியாற்றும் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மழையிலும் வந்து மண்டபத்தை நிறைத்திருக்கிறீர்கள். நாளை காலை எல்லோருக்கும் பெரட்டு இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

கடந்த உள்ளூராட்சித் தேர்தலின்போது எங்கள் வட்டாரத்துக்கு எங்கள் தோட்டத் தலைவி அக்காவின் பெயரை எழுதிக் கொடுத்தோம். மூன்று டிவிஷன் தாய்மார்களும் கையெழுத்து வைத்த கடிதம் அது. பட்டியல் வெளிவந்தபோது வட்டாரத்துக்கு வேறொருவர் பெயர் இருந்தது. அக்காவின் பெயர் மேலதிகப் பட்டியலில், அதுவும் அடியில் இருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 பெண்கள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை நிரப்ப ஒரு பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஏன் இப்படி என்று கேட்டோம். "அக்கா நல்லவங்கதான், ஆனா வெல்லக்கூடிய ஆளா பார்க்க வேணும் தானே" என்றார்கள்.

இப்போது நமது சங்கத்தின் மாவட்டக் கமிட்டித் தேர்தல் வருகிறது. போன வாரம் அக்காவின் லயத்துக்குப் போய், "இந்தத் தடவை நீங்கள் நிற்க வேண்டும்" என்று கேட்டோம். அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டே அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தோக்கப் போறது தெரிஞ்சும் எதுக்கு நிக்கணும்?" அந்த நேரம் எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அக்கா இன்று மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். அவருடைய கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான், தோற்றுப்போன ஒரு தேர்தலைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். அது நம்முடைய நாட்டில் நடந்தது அல்ல. 1972இல் அமெரிக்காவில் நடந்தது. நின்றவர் பெயர் ஷேர்லி சிஸம். கறுப்பினப் பெண். நம்மைப் போலவே ஆசிரியர் வேலை பார்த்தவர்.

1924இல் நியூயோர்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அப்பா பிரித்தானிய கயானாவில் பிறந்து பிழைக்க வந்தவர். சாக்குத் தொழிற்சாலையில் வேலை. நீங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும் படங்கு இருக்கிறதே, அந்தச் சாக்குதான். அம்மா பார்படோஸ் தீவைச் சேர்ந்தவர். தையல் வேலையும் வீட்டு வேலையும் செய்தவர். இரண்டு பேரும் உழைத்தும் பிள்ளைகளை வளர்க்க முடியாததால், மூன்று பெண் பிள்ளைகளையும் பார்படோஸில் இருந்த பாட்டியிடம் அனுப்பி வைத்தார்கள். கயானாவும் பார்படோஸும் கரும்புத் தோட்டங்களின் மண். கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றினார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அம்மா கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்ய, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நமது வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கதை நமக்குப் புதிதில்லை.

பத்து வயது நெருங்கும்போது ஊர் திரும்பினார். படித்தார். பாலர் பாடசாலை ஆசிரியரானார். பிறகு பெரிய பிள்ளைகள் காப்பகம் ஒன்றுக்குப் பொறுப்பாளரானார். நம்ம பாஷையில் சொன்னால் பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்திலிருந்துதான் அவர் அரசியலுக்கு வந்தார்.

அரசியலில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? சுருட்டுப் பெட்டிக்குக் கடதாசி ஒட்டுவது! புரூக்ளினில் ஜனநாயகக் கட்சியின் கிளை ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் நிதி சேர்க்க அவர்கள் ஒரு விருந்து வைப்பார்கள். அதில் அதிர்ஷ்டச் சீட்டையும் காசையும் போட்டு வைக்கக் காலிச் சுருட்டுப் பெட்டிகளை அலங்கரித்துக் கொடுப்பது பெண்களின் பொறுப்பு. கை வேலையில் கெட்டிக்காரரான ஷேர்லி அழகாக ஒட்டிக் கொடுத்தார். பிறகு கூட்டத்தில் எழுந்து, இந்த விருந்தில் சேரும் காசுதான் கிளையை நடத்துகிறது, வேலை முழுக்கப் பெண்கள் செய்கிறோம், எங்கள் செலவுக்கு ஏன் கிளை காசு தருவதில்லை என்று கேட்டார். ஆண்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் காசு கிடைத்தது.

இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. மே தினத்துக்கு மாலை கட்டுவது யார்? தலைவர்மார் வந்தால் ஆரத்தி தட்டோடு வெயிலில் நிற்பது யார்? கொடி தைப்பது, தேத்தண்ணீர் ஊற்றுவது, சாப்பாடு கட்டுவது யார்? கொழுந்து எடுக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். மாதா மாதம் செக்ரோலில் வெட்டப்படும் சந்தாவிலும் அதேபோல்தான். நமது சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். சங்கப் பத்திரிகையிலேயே இதைப் போடலாமா என்று ஒரு தோழர் கேட்டார். போடுங்கள் என்று சொன்னோம்.

1964இல் அவர் நியூயோர்க் மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். 1968இல் காங்கிரஸுக்குப் போட்டியிட்டார். இங்கே ஒரு சின்ன விளக்கம்: காங்கிரஸ் என்றதும் நம்ம ஊர் காங்கிரஸை நினைக்காதீர்கள், அமெரிக்காவில் பாராளுமன்றத்துக்கு அந்தப் பெயர். எதிரில் நின்றவர் ஜேம்ஸ் பாமர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் நாடறிந்த தலைவர். ஒலிபெருக்கி வண்டியும் மேள தாளமுமாக வந்து, வொஷிங்டனில் ஓர் ஆணின் குரல் ஒலிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தார்கள். ஷேர்லி வாக்காளர் இடாப்பை எடுத்துப் பார்த்தார். அந்தத் தொகுதியில் ஆண்களை விடப் பெண் வாக்காளர் அதிகம்! மேடையை விட்டுவிட்டு, பெற்றோர் சங்கம், தேவாலய மாதர் குழு, மாடிப் படிக்கட்டு, சமையலறை என்று பெண்கள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போனார். போர்ட்டோ ரிக்கோக்காரர்களிடம் அவர்களுடைய ஸ்பானிய மொழியில் பேசினார். வென்றார். அமெரிக்கக் காங்கிரஸுக்குள் போன முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

இடாப்பைப் பார்த்தார் என்று சொன்னோமே, அதைக் கவனியுங்கள். நம்மில் எத்தனை பேர் நமது டிவிஷனின் வாக்காளர் இடாப்பை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம்?

உள்ளே போனதும் அவரை விவசாயக் குழுவில் போட்டார்கள். புரூக்ளினில் காடும் இல்லை, வயலும் இல்லை. புதிதாக வந்தவர்கள் கொடுத்த இடத்தில் வாய் பொத்தி உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். இடம் மாற்றிக் கொடுத்தார்கள். அவருடைய தேர்தல் வாசகமே, "யாரும் விலைக்கு வாங்க முடியாதவள், யாருக்கும் கைகட்டி நிற்காதவள்" என்ற கருத்துத்தான்.

இனி 1972க்கு வருவோம். அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரை எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். நமது நாட்டில் கட்சித் தலைவரின் வீட்டில், மூடிய கதவுக்குப் பின்னால் நாலு பேர் முடிவு செய்வார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அங்கே, வேட்பாளராக விரும்புகிறவர்கள் ஒவ்வொரு மாநிலமாகப் போய்த் தங்கள் கட்சிக்காரரிடமே வாக்குக் கேட்க வேண்டும். அந்த வாக்கைப் பொறுத்து அவருக்குப் பேராளர்கள் கிடைப்பார்கள். கடைசியில் பேராளர் மாநாடு. பாதிக்கு மேற்பட்ட பேராளர் யாருக்குக் கை கொடுக்கிறார்களோ அவருக்கே நியமனம். நமது சங்கப் பேராளர் மாநாடு மாதிரித்தான், ஆனால் மிகப் பெரியது. அந்த ஆண்டு 3,016 வாக்குகள். 1,509 கிடைத்தால் நியமனம்.

1972 ஜனவரி 25ஆம் திகதி, புரூக்ளினில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஷேர்லி சிஸம் தன் போட்டியை அறிவித்தார். தான் கறுப்பர், அதில் பெருமைதான், ஆனால் கறுப்பர்களுக்கு மட்டும் வேட்பாளர் இல்லை. பெண், அதிலும் பெருமைதான், ஆனால் பெண்களுக்கு மட்டும் வேட்பாளர் இல்லை. அமெரிக்க மக்களின் வேட்பாளர் என்று சொன்னார். ஜனாதிபதியாக முடியாது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். அவர் போட்ட கணக்கு வேறு. நமக்கு அது நன்றாகப் புரியும், ஏனென்றால் அது தொழிற்சங்கக் கணக்கு.

மாநாட்டுக்குப் போகும்போது எந்தப் பெரிய வேட்பாளருக்கும் பாதிக்கு மேல் இருக்காது. அப்போது என் பின்னால் நிற்கும் பேராளர்களை வைத்துப் பேரம் பேசுவேன் என்பதுதான் அவருடைய திட்டம். கேட்க வேண்டியதையும் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருந்தார். துணை ஜனாதிபதி வேட்பாளராக ஒரு கறுப்பர், சுகாதாரம் கல்வி பொறுப்புக்கு ஒரு பெண் அமைச்சர், காணி காடு பார்க்கும் அமைச்சுக்குப் பூர்வகுடிச் செவ்விந்தியர் ஒருவர். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கம்பனிக்காரர் முதலில் பார்ப்பது நமது முகத்தை அல்ல, நமது அங்கத்தவர் தொகையை. அந்த மேசையைத்தான் அவர் நினைத்தார்.

யார் அவரை முதலில் கைவிட்டது தெரியுமா? எதிரிகள் இல்லை. எதிரிகள் அவரைப் பெரிதாக எடுக்கவேயில்லை. கைவிட்டது சொந்தக்காரர்கள். கறுப்பினத் தலைவர்கள் பல மாதமாகக் கூடிக் கூடி, யாரை நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயருக்கு வர முடியவில்லை. அதற்குள் ஒரு பெண் தானாக எழுந்து நிற்கிறேன் என்றதும், எங்களைக் கேட்காமல் எப்படி நிற்கலாம் என்று முகத்தைத் திருப்பினார்கள். அந்த மார்ச் மாதம் இண்டியானா மாநிலத்தின் கேரி நகரத்தில் கறுப்பின மக்களின் மாபெரும் அரசியல் மாநாடு நடந்தது. அந்த மாநாடும் அவருக்கு ஆதரவு தரவில்லை. பெண்கள் இயக்கத் தலைவிகள் சிலர் வாயால் வாழ்த்தினார்கள், ஆனால் வேலையை ஜோர்ஜ் மெக்கவர்னுக்குச் செய்தார்கள். வெல்லக்கூடிய ஆளோடு நின்றால்தான் ஏதாவது கிடைக்கும் என்பது அவர்களுடைய நியாயம். கறுப்பராக இருப்பதால் பட்டதை விடப் பெண்ணாக இருப்பதால் பட்டதுதான் அதிகம் என்று ஷேர்லி பிறகு பலமுறை சொன்னார்.

அந்த நியாயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் நாங்கள் தயாரில்லை. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நிக்சனை இறக்க வேண்டும், வாக்கைப் பிரிக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. நாமும் எத்தனையோ தேர்தலில் அப்படித்தானே வாக்குப் போட்டோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண் ஒருத்தி நாட்டை ஆளலாமா என்று அமெரிக்கர் சிரித்துக்கொண்டிருந்த அதே 1972இல் நமது நாட்டில் பிரதமர் யார்? சிறிமாவோ பண்டாரநாயக்க. உலகத்தின் முதல் பெண் பிரதமர், 1960இலேயே வந்தவர். ஆனால் அந்த 1972இல் நமது லயங்களில் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. 1948இல் பிரஜாவுரிமையையும், அடுத்த ஆண்டு வாக்கையும் பறித்தது பறித்ததுதான். ஒரே மலையில் ஒரே கொழுந்து எடுத்தும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். சமமானது 1984இல்தான். மேலே ஒரு பெண் இருந்ததால் கீழே இருந்த பெண்ணின் கூடைக்கு நிறுவை கூடவில்லை. ஷேர்லி சிஸத்தின் விஷயத்தில் நமக்குப் பிடித்தது அவர் பெண் என்பது மட்டுமல்ல. யாருக்காகக் கேட்டார் என்பதுதான். அதற்குப் பிறகு வருகிறோம்.

பிரசாரம் எப்படி நடந்தது? உண்மையைச் சொல்ல வேண்டும்: சீராக நடக்கவில்லை. முழுப் பிரசாரத்துக்கும் செலவானது சுமார் மூன்று இலட்சம் டொலர். அந்தப் பெரிய நாட்டில் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சம்பளம் வாங்காத மாணவர்களும் இல்லத்தரசிகளும்தான் வேலை செய்தார்கள். அவர்களுக்கு உற்சாகம் இருந்தது, அனுபவம் இல்லை. சில மாநிலங்களில் கறுப்பின ஆதரவாளர்களும் வெள்ளைக்காரப் பெண் ஆதரவாளர்களும் யார் பொறுப்பு என்று தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். வேட்பாளரோ பாதி நாள் வொஷிங்டனில் காங்கிரஸ் வேலையில் இருந்தார். புளோரிடாவில் நூற்றுக்கு நாலு வாக்குக் கூடத் தேறவில்லை. வட கரோலைனாவில் ஏழுக்கு மேல் கிடைத்தது. துணிச்சல் மட்டும் இருந்தால் போதாது, ஒவ்வொரு டிவிஷனுக்கும் பொறுப்பான ஆள், கையில் ஒரு கொப்பி, கொப்பியில் பெயர் என்று வேலை நடக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பிரசாரமே சாட்சி. எங்கள் கடிதத்திலும் கையெழுத்து வாங்கினோமே தவிர, அதற்குப் பிறகு பத்து நாள் யாரும் போய் ஒரு கதவையும் தட்டவில்லை. பட்டியல் போட்டவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கலிபோர்னியா வாக்கெடுப்புக்கு முன் தொலைக்காட்சிக்காரர்கள் மெக்கவர்னையும் ஹம்ஃப்ரியையும் மட்டும் விவாதத்துக்குக் கூப்பிட்டார்கள். ஷேர்லியைக் கூப்பிடவில்லை. அவர் நீதிமன்றம் போனார். அவருக்கும் நேரம் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கெஞ்சி வாங்கிய நேரமில்லை அது.

அந்த ஆண்டு மே மாதம் நடந்த ஒன்றைத்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

அதே நியமனத்துக்குப் போட்டியிட்ட இன்னொருவர் ஜோர்ஜ் வொலஸ், அலபாமா மாநில ஆளுநர். கறுப்பரையும் வெள்ளையரையும் என்றென்றும் பிரித்தே வைக்க வேண்டும் என்று 1963இல் பதவியேற்ற மேடையிலேயே பேசியவர். அந்த ஆண்டே, கறுப்பின மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் போகக் கூடாது என்று வாசலில் போய் நின்றவர். மே 15ஆம் திகதி மேரிலாந்து மாநிலத்தில் ஒரு கூட்டத்தில் அவரை ஒருவன் சுட்டான். உயிர் தப்பினார், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஷேர்லிக்கும் அந்தப் பிரசாரத்தில் கொலை மிரட்டல்கள் வந்துகொண்டிருந்தன. அதுவரை கணவர்தான் காவலாக நின்றார். வொலஸ் சுடப்பட்ட பிறகே அரசாங்கப் பாதுகாப்பு கிடைத்தது.

ஷேர்லி என்ன செய்தார்? ஆஸ்பத்திரிக்குப் போய் வொலஸைப் பார்த்தார். அவருடைய கட்டிலருகே இருந்து பேசினார். உங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று வொலஸ் கேட்டாராம். என்ன சொல்வார்கள் என்று தெரியும், ஆனாலும் உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது என்றாராம் இவர். அந்த மனிதர் அழுதுவிட்டார் என்று ஷேர்லி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய சொந்த ஆட்கள் கொதித்துப் போனார்கள். நம்மை நாயிலும் கேவலமாக நடத்தியவனைப் பார்க்க இவள் எப்படிப் போகலாம் என்று கேட்டார்கள். அந்தக் கோபம் தப்பென்று நாங்கள் சொல்ல மாட்டோம். 1977, 1983 பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். வீட்டை எரித்தவன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் போய்ப் பார்ப்பீர்களா என்று கேட்டால் நமக்குள்ளேயே எத்தனை பதில் வரும்? ஆனால் அவர் போனார்.

ஜூலை மாதம் மியாமி கடற்கரையில் மாநாடு. முதல் சுற்றிலேயே மெக்கவர்னுக்கு 1,700க்கு மேல் வாக்கு. பேரம் பேச இடமே வரவில்லை. தொடக்கத்தில் ஷேர்லியோடு நின்ற சிலர்கூடக் கடைசி நேரம் மெக்கவர்ன் பக்கம் போனார்கள். ஹம்ஃப்ரி விலகியபோது தன் கறுப்பினப் பேராளர்களை ஷேர்லிக்கு வாக்களிக்க விட்டுக்கொடுத்தார். எல்லாம் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 152. மாநிலங்களில் மக்கள் போட்ட வாக்கு 4 இலட்சத்து 30 ஆயிரம். மொத்தத்தில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. போட்ட கணக்கு பிழைத்துவிட்டது. கேட்ட துணை ஜனாதிபதியும் இல்லை, அமைச்சரும் இல்லை. தோல்விதான்.

வெல்லக்கூடிய ஆள் என்று எல்லோரும் போய் நின்றார்களே, அந்த மெக்கவர்ன் என்ன ஆனார்? நவம்பரில் நிக்சனிடம் 50 மாநிலங்களில் 49ஐத் தோற்றார். மசசூசெட்ஸ் ஒன்றும் தலைநகரமும் மட்டும்தான் மிஞ்சின. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் "வெல்லக்கூடிய ஆள்" என்று யாராவது அடுத்த முறை நம்மிடம் சொன்னால், எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கொழுந்து மடுவத்துத் தராசையே நாம் நம்புவதில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அமெரிக்காவில் 1938இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதில் இரண்டு கூட்டத்தை வெளியே விட்டார்கள். ஒன்று வயல், தோட்டத் தொழிலாளர். மற்றது வீட்டு வேலை செய்வோர். இந்த இரண்டு வேலையிலும் தென் மாநிலங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர். அவர்களுக்குச் சம்பளம் கூடினால் தென் மாநிலத்து முதலாளிமாருக்குப் பிடிக்காது. காங்கிரஸில் அவர்களுடைய ஆட்களின் கை ஓங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரை 1966இல் சேர்த்தார்கள். வீட்டு வேலை செய்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு 35 ஆண்டாக ஒன்றும் இல்லை. ஷேர்லியின் அம்மாவும் அந்த வேலை பார்த்தவர்தான்.

நியமனத்தில் தோற்ற பிறகு ஷேர்லி காங்கிரஸில் இந்த மசோதாவுக்காக முன்னணியில் நின்று பாடுபட்டார். முதலில் நிறைவேறிய சட்டத்தை 1973இல் நிக்சன் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது. தென் மாநிலத்து உறுப்பினர்களின் வாக்கு வேண்டும். கறுப்பினப் பெண் கேட்டால் அவர்கள் கொடுப்பார்களா? ஷேர்லி வொலஸிடம் உதவி கேட்டார். அவர் பேசிச் சில தென் மாநில வாக்குகளைத் திருப்பிக் கொடுத்தார் என்று ஷேர்லியே பிறகு சொல்லியிருக்கிறார். 1974 ஏப்ரலில் நிக்சன் கையெழுத்திட்டார். மே மாதம் முதல் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு மணிக்கு 1 டொலர் 90 சதம் சட்டப்படி உரியதானது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது இது நடக்கும் என்று கணக்குப் போட்டுப் போயிருப்பாரா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நாடு முழுக்கப் போய் நின்ற ஒருவர் கேட்டதற்கும், சுருட்டுப் பெட்டி ஒட்டிக்கொண்டு வீட்டில் இருந்த ஒருவர் கேட்டதற்கும் வித்தியாசம் இருந்தது.

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஒன்பதாம் ஆண்டு நடுவில் ஒரு திங்கட்கிழமை அவளுடைய கதிரை காலியாக இருந்தது. கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். தீபாவளிக்கு வந்தபோது என்ன சம்பளம் என்று கேட்டோம். "அம்மாகிட்ட குடுக்கிறாங்க, எனக்குத் தெரியாது" என்றாள். எத்தனை மணிக்கு எழும்புவாய் என்றோம். அவங்க எழும்ப முந்தி என்றாள். தேயிலைக்குச் சம்பள நிர்ணய சபை இருக்கிறது. நமது சம்பளம் போதாது என்றாலும் அதைப் பற்றிப் பேச ஒரு மேசையும் அந்த மேசையில் ஒரு கதிரையும் இருக்கின்றன. கொழும்பு வீட்டுச் சமையலறையில் படுக்கும் நமது பிள்ளைகளுக்குச் சம்பள நிர்ணய சபை இல்லை. மாவட்டக் கமிட்டியில் இந்த விஷயத்தை ஏன் ஒருவரும் எழுப்பவில்லை என்று பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தோம். எழுப்ப அங்கே ஒரு தாயும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஷேர்லி சிஸம் 1983 வரை காங்கிரஸில் இருந்தார். பிறகு மறுபடி ஆசிரியராகிக் கல்லூரியில் படிப்பித்தார். 2005 ஜனவரி முதலாம் திகதி காலமானார். 1972இல் கலிபோர்னியாவில் அவருக்காக வேலை செய்த மாணவி ஒருத்தி, கைப்பிள்ளையோடு படித்துக்கொண்டிருந்த இளம் தாய், பெயர் பார்பரா லீ. 1998இல் அவரும் காங்கிரஸுக்குத் தெரிவானார்.

அக்கா, "தோக்கப் போறது தெரிஞ்சும் எதுக்கு நிக்கணும்" என்று நீங்கள் கேட்டதற்கு எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிற்க மாட்டேன் என்றாலும் உங்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் வராது. நின்றால் இந்த முறை வெறும் கையெழுத்துக் கடிதத்தோடு உங்களை விடமாட்டோம்.

மாவட்டக் கமிட்டிக்கான விண்ணப்பப் படிவங்கள் மாதர் பிரிவுச் செயலாளரிடம் இருக்கின்றன. ஒரு டிவிஷனுக்கு இரண்டு பேர் கொப்பியோடு வேண்டும். ஒருவர் கொழுந்து மலைக்கு, ஒருவர் லயத்துக்கு. அங்கத்தவர் இடாப்பை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை வைத்தே பிரதி எடுத்துத் தருகிறோம். இரவில் கதவு தட்டப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை பாடசாலையில் வைத்துப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆசிரியர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே முன்னால் வரலாம். தேத்தண்ணீரை இன்றைக்குத் தோழர்கள் ஊற்றுவார்கள்.